மேலேயே இருப்பதா, கீழே இறங்குவதா? நீலகிரி ஆசிரியர்களின் ஓய்வுக்காலக் கணக்கு

பணி நிறைவு விழாவில் போட்ட மாலையைக் கழற்றுவதற்குள் உறவுக்காரர்கள் கேட்டுவிடுவார்கள்: "அப்புறம் என்ன சார், கீழே போயிடுவீங்களா?" ஊட்டி, குன்னூர், கோத்தகிரி பக்கம் வேலை பார்த்த எந்த ஆசிரியரும் இந்தக் கேள்விக்குத் தப்பியதில்லை. கேட்பவர்கள் இரண்டே வழி இருப்பதாக நினைத்துக் கேட்கிறார்கள். யோசித்துப் பார்த்தால் நான்கு இருக்கின்றன. இருக்கிற வீட்டிலேயே இருந்துவிடலாம். மலையிலேயே டவுனுக்குள் சின்ன வீடாகப் பார்த்து மாறலாம். கோவையிலோ மேட்டுப்பாளையத்திலோ பிள்ளைகளுக்குப் பக்கத்தில் போய் இருக்கலாம். கோவையைச் சுற்றி இப்போது நிறைய வந்துவிட்ட மூத்தோர் குடியிருப்புகளில் ஒன்றில் சேரலாம்.

கோடையில் மேலே, குளிரில் கீழே என்று இரண்டு வீடு வைத்துக்கொள்ளும் ஆசையும் சிலருக்கு உண்டு. கையில் காசும் காலில் பலமும் இருக்கும் வரை அது இனிக்கும். பூட்டிக் கிடக்கிற வீட்டில் மழைக்கு ஓடு ஒழுகினால் பார்க்க ஆள் வேண்டும், இரண்டு இடத்திலும் வரி கட்ட வேண்டும். அதை இதோடு விட்டுவிடுகிறேன்.

குன்னூர்ப் பக்கம் பாடம் நடத்தியவன் என்பதால் எனக்கு மலைமேல் ஒரு சாய்வு உண்டு, மறைக்கவில்லை. ஆனாலும் நான் முதலிடம் தருவது இரண்டாவது வழிக்கு, அதாவது மலையிலேயே வீடு மாறுவதற்கு. பலரும் இதை ஒரு வழியாகவே எண்ணிப் பார்ப்பதில்லை. "இதே ஊருக்குள்ள எதுக்கு வீடு மாத்தணும்?" என்று தள்ளிவிட்டு, ஒன்று இருந்த இடத்திலேயே இருப்பார்கள், இல்லாவிட்டால் ஒரேயடியாகக் கோவைக்கு இறங்கிவிடுவார்கள்.

இருக்கிற வீடு

முதல் வழியில் பெரிய சிக்கல் படிகள். நம் வீடுகள் பெரும்பாலும் ரோட்டுக்கு மேலேயோ கீழேயோ இருக்கின்றன. வாசல் வரை கார் வரும் வீடு அபூர்வம். முப்பது நாற்பது படி இறங்கி, தேயிலைத் தோட்டத்து ஓரமாக நடந்து வீடு சேர்வது நாற்பது வயதில் ஒரு பொருட்டே இல்லை. எழுபதில் மூட்டு தேய்ந்தபின் அதே படிகளால் மனிதர் வீட்டுக்குள் முடங்கிப் போகிறார். கடைக்குப் போவது வாரத்துக்கு ஒரு முறை ஆகிறது. கூட்டத்துக்குப் போவது நின்றுபோகிறது. 108 வந்தாலும் வண்டி ரோட்டில்தான் நிற்கும். அங்கிருந்து நாலு பேர் தூக்கி வர வேண்டும். அக்கம்பக்கத்தில் அந்த நாலு பேர் இன்னும் இருக்கிறார்களா என்று எண்ணிப் பாருங்கள். நம் பிள்ளைகளைப் போலவே அவர்கள் பிள்ளைகளும் கோவைக்கும் பெங்களூருக்கும் போய்விட்டார்கள்.

அடுத்தது மாலை நேரம். ஆறு மணிக்கு மேல் கோத்தகிரி, குன்னூர் ஓரங்களில் காட்டுமாடும் கரடியும் ரோட்டில் நிற்பது இப்போது செய்தியே இல்லை. பகலில் வெயில் படும் சில மணி நேரத்துக்குள் எல்லாப் போக்குவரத்தையும் முடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. தனியாக இருக்கும் ஆசிரியைகள் பலர் நாலரை மணிக்கே கதவைச் சாத்திக்கொள்கிறார்கள் என்றால் காரணம் குளிர் மட்டும் இல்லை.

மழைக்காலத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழையில், அதுவும் நவம்பரில், மண் சரிந்து குன்னூர்–மேட்டுப்பாளையம் ரோடு அடைபடுவது வழக்கமாகிவிட்டது. 2009 நவம்பர் சரிவுகளை இங்கே யாரும் மறக்கவில்லை. அப்போதெல்லாம் கோத்தகிரி வழியாகச் சுற்றிக்கொண்டு இறங்க வேண்டும். மாத்திரையைப் பத்து நாளுக்குச் சேர்த்து வாங்கி வைக்கும் பழக்கம் மலையில் இருப்பவர்களுக்கு அவசியம்.

இத்தனைக்குப் பிறகும் அந்த வீட்டிலேயே இருப்பவர்கள் முட்டாள்கள் இல்லை. ஹட்டி என்கிற படுகர் ஊரில் பிறந்து அதே ஹட்டியில் ஓய்வு பெறுகிற படுகர் ஆசிரியருக்குச் சுற்றி இருப்பதெல்லாம் சொந்தம். சாவுக்கும் சடங்குக்கும் அங்கேதான் கூடுகிறார்கள். அவரிடம் போய் டவுனுக்கு மாறச் சொல்வது அர்த்தமில்லாத பேச்சு. வீட்டை ஒட்டி ஒரு கழிப்பறை, படிக்குக் கைப்பிடிக் கம்பி, ரோடு வரை ஒரு சரிவுப் பாதை, இவை போதும். நான் சொல்வது எஸ்டேட் ஓரத்திலும் டவுனுக்கு வெளியிலும் தனியாக மனை வாங்கி வீடு கட்டிய ஆசிரியர்களுக்கு. அவர்களுக்கு அந்த வீட்டில் சொந்தமும் இல்லை, நடைதூரத்தில் நண்பரும் இல்லை.

உடம்பு சொல்வதைக் கேட்பது

உயரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஊட்டி சுமார் 2,240 மீட்டர், குன்னூர் சுமார் 1,850. ஊட்டியில் ஒவ்வொரு மூச்சிலும் நமக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் கடல்மட்டத்தில் கிடைப்பதைவிட ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு குறைவு. பழகிய உடம்புக்கு அது தெரியாது. இதயம் தளர்ந்தவர்களுக்கும் நாள்பட்ட நுரையீரல் நோய் உள்ளவர்களுக்கும் தெரியும். டிசம்பர், ஜனவரி உறைபனிக் குளிரில் ரத்த அழுத்தமும் ஏறும். இந்த இரண்டு நோய்களில் ஒன்று இருந்தால் மற்ற எல்லா ஒப்பீட்டையும் மூடி வைத்துவிட்டு மருத்துவரிடம் போய், "நான் இங்கே இருக்கலாமா?" என்று நேராகக் கேட்டுவிடுங்கள். அவர் இறங்கச் சொன்னால் இறங்க வேண்டியதுதான்.

மற்றவர்களுக்கு, மலையில் மருத்துவம் முன்னைப் போல மோசமில்லை. ஊட்டியில் அரசு மருத்துவக் கல்லூரி வந்து, 2025 ஏப்ரலில் அதன் 700 படுக்கை மருத்துவமனையும் திறந்தாயிற்று. குன்னூரில் லாலி மருத்துவமனை இருக்கிறது. சர்க்கரைக்கும் அழுத்தத்துக்கும் வீட்டுக்கே மாத்திரை கொண்டுவரும் மக்களைத் தேடி மருத்துவம் 2021 முதல் நடக்கிறது. ஆனாலும் பெரிய அறுவை, இதயச் சிகிச்சை என்றால் பலரும் கோவைக்குத்தான் ஓடுகிறார்கள். குன்னூரிலிருந்து சாதாரண நாளில் இரண்டு மணி நேரம். சீசனில் பர்லியாறு வளைவுகளில் வண்டிகள் வரிசை கட்டினால் அது எவ்வளவு ஆகும் என்று யாரும் உறுதி தர முடியாது. வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தபிறகும் மே மாதக் கூட்டம் கூட்டம்தான்.

டவுனுக்குள் மாறுவது

இங்கேதான் நான் கொஞ்சம் நின்று பேச விரும்புகிறேன். ஓய்வுக்குப் பிறகு ஒரு ஆசிரியருக்கு எது வேண்டும்? முப்பது வருடமாகத் தினமும் நாற்பது பேர் நம் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது ஜூன் மாதம் ஒரு காலையில் நின்றுபோகிறது. அதற்கு மருந்து புத்தகம் என்று நினைக்கிறோம். படிப்பது நல்லதுதான், ஆனால் படிப்பதற்கு ஊர் மாற வேண்டியதில்லை. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் பெரும்பாலான படிப்புகளுக்கு வயது உச்சவரம்பு கிடையாது. மத்திய அரசின் ஸ்வயம் இணையதளத்தில் பாடங்கள் இலவசம். சான்றிதழ் வேண்டுமானால்தான் தேர்வுக் கட்டணம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் ஒரு வாழ்நாளுக்குக் காணும் பழைய நூல்கள் இருக்கின்றன. இவை எல்லாம் எஸ்டேட் வீட்டிலும் கிடைக்கும், கோவை பிளாட்டிலும் கிடைக்கும், சிக்னல் மட்டும் இருந்தால் சரி. ஆகவே இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது இவற்றைத் தராசுத் தட்டில் வைக்காதீர்கள். படித்ததைப் பேச, ஒத்துக்கொள்ளாமல் சண்டை போட, நடந்து போகிற தூரத்தில் ஆள் இருக்கிறாரா என்பதைத்தான் வைக்க வேண்டும்.

பிரான்சின் துலூஸ் நகரில் 1973-இல் ஓய்வு பெற்றவர்களுக்கென்று ஒரு பல்கலைக்கழகத்தைத் தொடங்கினார்கள். 1982-இல் அது பிரிட்டனுக்குப் போனபோது இன்னொரு வடிவம் எடுத்தது. அங்கே பேராசிரியரும் இல்லை, தேர்வும் இல்லை, பட்டமும் இல்லை. தனக்குத் தெரிந்ததை ஒருவர் மற்றவர்களுக்குச் சொல்கிறார். அடுத்த வாரம் அவரே மாணவராக உட்கார்ந்துகொள்கிறார். இதற்குக் கட்டடமோ நிதியோ தேவையில்லை. ஒரு பத்துப் பேர் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் போதும். அந்தப் பத்துப் பேர் குன்னூரிலோ கோத்தகிரியிலோ டவுனுக்குள் ஏற்கெனவே இருக்கிறார்கள்.

கொஞ்சம் கற்பனை செய்யுங்கள். தாவரவியல் டீச்சர் ஒருவர் சிம்ஸ் பூங்காவில் மரங்களுக்கு நடுவே அரை நாள் நடத்துகிறார். 1874-இல் தொடங்கிய அந்தப் பூங்காவுக்கு நம் மாணவர்களை வரிசையாகக் கூட்டிப் போயிருக்கிறோம், நாம் நின்று பார்த்ததில்லை. வரலாற்று சார் அடுத்த மாதம் கோத்தகிரிப் பக்கம் கன்னேரிமுக்கில் ஜான் சல்லிவன் 1819-இல் கட்டிய வீட்டுக்கு எல்லாரையும் கூட்டிப் போகிறார். ஊட்டியில் 1859 முதல் இருக்கிற நீலகிரி நூலகம், மலையின் பழைய ஆவணங்களைப் பற்றிப் பேச நல்ல இடம். படுக மொழியில் பாடும் பாட்டிகளின் குரலைப் போனில் பதிவு செய்து, ஊர் பெயர்களையும் பழக்கங்களையும் தமிழ் விக்கிப்பீடியாவில் எழுதிச் சேர்க்கலாம். அதற்கு ஆசிரியரைவிடப் பொருத்தமானவர் யார்? தேயிலைத் தோட்டத்து லைன் வீடுகளில் குழந்தைகளுக்கு மாலைப் பாடம் எடுக்கிற தன்னார்வலர்கள் பெரும்பாலும் இளம் பெண்கள். அவர்களுக்கு பின்னக் கணக்கைப் புரியவைக்கும் வழியைச் சொல்லித் தருவது, நேராகக் குழந்தைகளுக்குப் பாடம் எடுப்பதைவிட நமக்கு ஏற்ற வேலை. தொண்டை மிஞ்சும்.

டவுனுக்குள் என்றால் நான் சொல்வது சமதளத்தில் ஒரு வாடகை வீடு. பஸ் நிலையத்துக்கும் மருந்துக்கடைக்கும் ஆஸ்பத்திரிக்கும் பெரிய ஏற்றம் இல்லாமல் நடந்து போக வேண்டும். பெண்களுக்கு மலைப்பகுதியின் சாதாரணக் கட்டண அரசுப் பேருந்துகளிலும் கட்டணமில்லாப் பயணம் வந்துவிட்டதால், ஆசிரியைகள் பஸ்ஸைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை. பழைய வீட்டை உடனே விற்க வேண்டாம். வாடகைக்கு விடுங்கள், அல்லது பூட்டி வையுங்கள். இரண்டு வருடம் கழித்து முடிவு செய்யலாம். இந்த வழியின் பெரிய குணமே அதுதான்: பிடிக்காவிட்டால் திரும்பிப் போகலாம். மற்ற இரண்டு வழிகளிலும் திரும்புவது கடினம்.

குறை இல்லாமல் இல்லை. சீசன் வாடகைக்கு ஆசைப்பட்டு வீட்டுக்காரர்கள் நீண்டநாள் குடித்தனத்துக்கு வீடு தரத் தயங்குகிறார்கள். சமதள வீடு கிடைப்பது அரிது, கிடைத்தால் ஈரச் சுவர். ஓய்வு பெறுவதற்கு இரண்டு வருடம் முன்பே தேடத் தொடங்க வேண்டும்.

பிள்ளைகளுக்குப் பக்கத்தில்

கோவைக்குப் போவதில் மருத்துவமனைகள் ஒரு பெரிய லாபம், பேரப்பிள்ளைகள் அதைவிடப் பெரிய லாபம். கொடிசியாவில் புத்தகத் திருவிழா, ஊருக்குள் இலக்கியக் கூட்டம், பட்டிமன்றம் எல்லாம் உண்டு. ஆனால் மாலை ஆறரைக்குத் தொடங்கும் கூட்டத்துக்கு அவிநாசி ரோட்டு நெரிசலில் போய்விட்டு ஒன்பதரைக்குத் திரும்பும் வேலையை எழுபது வயதில் எத்தனை முறை செய்வீர்கள்? இரண்டாவது மாதத்திலேயே டிவி முன்னால் உட்கார்ந்துவிட்டவர்களை எனக்குத் தெரியும். மலையில் கடைவீதியில் கால் வைத்தால் "டீச்சர், நல்லா இருக்கீங்களா? நான் எட்டாம் வகுப்பு பி பிரிவு" என்று யாராவது வழி மறிப்பார்கள். கோவையில் நீங்கள் மூன்றாம் மாடி பாட்டி.

போவதாக இருந்தால் மகன் வீட்டுக்குள் போகாமல், அதே தெருவில் தனி வீடாகப் பாருங்கள். மருமகளும் மகிழ்ச்சியாக இருப்பாள், நீங்களும் இருப்பீர்கள். மலைவீட்டை விற்றுப் பணத்தை மகனின் பிளாட்டில் போடும் யோசனை வந்தால் அங்கேதான் நிதானம் வேண்டும். வீட்டைப் பிள்ளைகள் பேருக்கு செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்துவிட்டால் அதைச் சாதாரணமாகத் திரும்பப் பெற முடியாது. உயில் என்றால் சாகும்வரை மாற்றிக்கொண்டே இருக்கலாம். இரண்டு சாட்சி கையெழுத்துப் போதும், பதிவு கட்டாயமில்லை, செய்துகொள்வது நல்லது. செட்டில்மென்ட்தான் என்று முடிவு செய்தால், ஆயுள் உள்ளவரை அனுபவிக்கும் உரிமை எங்களுக்கு என்றும், எங்களைப் பராமரிக்க வேண்டும் என்றும் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு அந்த நிபந்தனையைத்தான் பிடித்துக்கொள்கிறது. நிபந்தனை இருந்து அது மீறப்பட்டால், கோட்டாட்சியரின் தீர்ப்பாயத்தில் முறையிட்டுப் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கலாம்.

விற்பதே சுலபமில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கூடலூர்ப் பக்கம் ஜென்ம நிலம் எனப்படும் பழைய நிலவுடைமை நிலங்களின் உரிமைச் சிக்கல் 1969 சட்டத்தோடு தொடங்கி இன்னும் இழுக்கிறது. மற்ற இடங்களில் கூட்டுப் பட்டா, பாகப்பிரிவினை ஆகாத நிலம், அனுமதி இல்லாமல் எழுப்பிய மாடி என்று ஏதாவது இருக்கும். கையில் பணம் வருவதற்கு முன் கோவையில் முன்பணம் கொடுத்துவிடாதீர்கள்.

மூத்தோர் குடியிருப்பு

சமையல், துணி, ராத்திரிக்கு நர்ஸ், வாசலில் வண்டி. தனியாக இருக்கும் ஆசிரியைக்கு, வெளிநாட்டில் பிள்ளைகள் இருப்பவர்களுக்கு, இது நல்ல வழி. அங்கே யோகா வகுப்பும் பஜனையும் நடக்கும். படிப்பு என்று பார்த்தால் அங்கே இருப்பவர்களைப் பொறுத்தது. நாலைந்து ஆசிரியர்கள் சேர்ந்து ஒரே இடத்தில் வீடு எடுத்தால் முன்னே சொன்ன வாராந்திர வகுப்பை அங்கேயும் நடத்தலாம். தனியாகப் போய்ச் சேர்பவருக்கு முதல் வருடம் கஷ்டம்.

பணக் கணக்குதான் இங்கே முக்கியம், அதைப் பலரும் தவறான எண்ணை வைத்துப் போடுகிறார்கள். கணவர் ஓய்வூதியம் வாங்குகிறார், மனைவிக்குத் தனி வருமானம் இல்லை என்று வையுங்கள். அடிப்படை ஓய்வூதியம் 40,000 ரூபாய் என்றால் கடைசிச் சம்பளம் 80,000. ஓய்வூதியம் அதில் பாதி. அவர் இறந்தபின் மனைவிக்கு வரும் குடும்ப ஓய்வூதியம் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம், அதாவது 24,000. அகவிலைப்படி இரண்டுக்கும் தனியாகச் சேரும். ஓய்வு பெற்றுச் சில வருடத்துக்குள் இறந்தால் கொஞ்ச காலம் கூடுதல் விகிதம் கிடைக்கும், ஆனால் எழுபதுகளில் நம்ப வேண்டியது 30 சதவீதத்தைத்தான். குடியிருப்பின் மாதாந்திரக் கட்டணம் ஒருவருக்கு என்றால் பாதியாகிவிடாது. ஆகவே கணக்கை 24,000-இல் போடுங்கள். மீந்து நிற்பவருக்குக் கட்டுபடியாகாத இடம் உங்களுக்கு ஏற்ற இடம் இல்லை.

2003 ஏப்ரல் 1 முதல் அரசுப் பணியில் சேர்ந்தவர்கள் இந்தக் கணக்கைத் தங்கள் திட்டத்துக்கு ஏற்பத் தனியாகப் போட வேண்டும். எஸ்டேட் பள்ளிகளிலும் தனியார் பள்ளிகளிலும் வேலை பார்த்தவர்கள் நிலை வேறு. வருங்கால வைப்பு நிதி ஓய்வூதியத்தின் குறைந்தபட்சம் மாதம் 1,000 ரூபாய்தான். அவர்களுக்கு நான்காவது வழி என்பதே பேச்சுக்குத்தான். மலை முழுக்க வருடக்கணக்கில் குறைந்த சம்பளத்தில் ஆங்கிலம் சொல்லிக் கொடுத்தவர்கள் இவர்கள் என்று நினைக்கும்போது கோபம் வருகிறது.

ஒப்பந்தத்தில் கேட்க வேண்டியவை சில உண்டு. வீடு உங்கள் பேரில் பத்திரமா, இல்லை தங்கும் உரிமை மட்டுமா? வைப்புத்தொகை எப்போது, எவ்வளவு பிடித்தம் போகத் திரும்பும்? மாதக் கட்டணம் வருடத்துக்கு எவ்வளவு ஏறலாம் என்று எழுதியிருக்கிறதா? படுக்கையில் விழுந்தால், மறதி நோய் வந்தால் அங்கேயே வைத்துப் பார்ப்பார்களா, வேறிடம் போகச் சொல்வார்களா? கடைசிக் கேள்விக்கு வாய்வார்த்தையாகப் பதில் சொல்பவர்களை நம்பாதீர்கள். எழுத்தில் காட்டச் சொல்லுங்கள்.

எந்த வழியானாலும்

சில காகித வேலைகளுக்கு இடம் பொருட்டில்லை. ஓய்வூதியக் கொடுப்பாணையில் துணைவர் பெயரும் பிறந்த தேதியும் ஆதாரில் உள்ளபடியே இருக்கின்றனவா என்று இன்றே பாருங்கள். இல்லாவிட்டால் துக்க வீட்டில் இருப்பவர் கருவூலத்துக்கு அலைய வேண்டும். குடும்பப் பாதுகாப்பு நிதிக்கும் வங்கிக் கணக்குக்கும் நாமினி யார் என்பதையும் சரி பாருங்கள். முதல் நாமினி இறந்து பல வருடம் ஆகியும் மாற்றாதவர்கள் உண்டு. வருடாந்திர நேர்காணலுக்குக் கீழே இறங்கியவர்கள் மலைக்கு ஏறி வர வேண்டியதில்லை. தபால்காரர் விரல்ரேகை வைத்து வீட்டிலேயே ஜீவன் பிரமாண் என்கிற டிஜிட்டல் உயிர்வாழ் சான்றிதழை எடுத்துக் கொடுப்பார். 80 வயதில் அடிப்படை ஓய்வூதியத்தில் 20 சதவீதம் கூடும், அது வந்ததா என்று கவனியுங்கள். கடைசிக் காலச் சிகிச்சை எப்படி இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே எழுதி வைக்க 2018-இல் உச்ச நீதிமன்றம் இடம் கொடுத்து, 2023-இல் முறையை எளிதாக்கியது. இரண்டு சாட்சிகளோடு நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட்டால் போதும். வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் நடு ராத்திரியில் போனில் முடிவெடுக்க வேண்டிய வேதனை குறையும்.

முடிவெடுக்கும் முன் ஒத்திகை பாருங்கள். பெரும்பாலோர் டிசம்பரில் கோவைக்குப் போய் "அட, நல்லாத்தானே இருக்கு" என்கிறார்கள். மலைவீட்டை ஏப்ரல் வெயிலில் பார்த்து மனம் உருகுகிறார்கள். தலைகீழாகச் செய்ய வேண்டும். மூத்தோர் குடியிருப்பின் விருந்தினர் அறையைக் காசு கொடுத்து மே மாதத்தில் எடுத்து, கணவன் மனைவி இருவரும் போய்த் தங்குங்கள். டவுன் வாடகை வீட்டை அக்டோபரில் எடுத்து நவம்பர் மழையைப் பாருங்கள். சுவர் ஈரம், தண்ணீர் வரும் நாள், ராத்திரியில் ஆட்டோ கிடைக்கிறதா எல்லாம் அந்த ஒரு மாதத்தில் தெரிந்துவிடும். இந்த ஒத்திகைகளை இருவரில் யார் பிற்பாடு தனியாக இருக்க நேரிடலாமோ அவர் சொல்லும் வார்த்தைக்கு விடுங்கள். நம் வீடுகளில் அது பெரும்பாலும் மனைவிதான், அவரிடம்தான் யாரும் கேட்பதில்லை.